லீனாவுக்கு நெருப்புப் போட்ட கதை

நீராவி எஞ்சினுக்கு நெருப்புப் போடுகிறவனுக்கு மூன்று கை வேண்டும்: ஒன்று கரி அள்ள, ஒன்று வேர்வை துடைக்க, இன்னொன்று புத்தி சொல்ல வருகிறவர்களைக் கும்பிட. அடுப்படியிலோ பட்டறையிலோ வெக்கைக்குள் நின்றுகொண்டு, பின்னாலிருந்து "அப்பிடியில்லை, இப்பிடி" என்று கேட்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன்.

நான் ஜெர்மனியில், எசன் நகரத்து ஹோட்டல் ஒன்றில் சமையல்காரன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ரயில்காரன். எசனிலிருந்து இரண்டு மணித்தியாலம் போனால் மலைப்பக்கத்தில் பழைய இரும்புக்கல் குவாரி ஒன்று இருக்கிறது. வெட்டிய கல்லை மேலிருந்து கீழே பெரிய ரயில்பாதைக்கு இறக்குவதற்கு, அந்தக் காலத்தில் இரண்டடி அகலத் தண்டவாளம் போட்டுச் சின்னச் சின்ன நீராவி எஞ்சின்களை ஓடவிட்டிருந்தார்கள். குவாரி மூடியதும் மற்ற எஞ்சின்களெல்லாம் பழைய இரும்பாகப் போய்விட்டன. லீனா மட்டும் தப்பினாள். ஒரு சங்கம் அவளை எடுத்துச் சுற்றுலாப் பயணிகளுக்காக ஓட்டியது. மகளின் பள்ளிச் சுற்றுலாவோடு போன நான், கரி வாளி தூக்க ஒரு கை கொடுத்து, அப்படியே ஒட்டிக்கொண்டேன்.

நான் ஒட்டிக்கொண்ட நேரம் நல்ல நேரமில்லை. லீனாவின் கொதிகலனுக்குத் தந்திருந்த அனுமதி அடுத்த வசந்தத்தோடு முடிகிறது. சோதனையில் தவறினால் ஊர்ச்சபை அவளைக் கொண்டுபோய் ரவுண்டபவுட்டின் நடுவில் நிறுத்தி, சுற்றிவரப் பூக்கன்று வைக்கும் என்று முடிவாகியிருந்தது. படமும் வரைந்துவிட்டார்கள். நெருப்பில்லாத லீனாவை அந்தப் படத்தில் பார்த்த பிறகு நான் ஒரு ஞாயிறும் தவறவிடவில்லை.

ஒரு சொல்: ஜெர்மன்காரர் பேசியதையும் எங்கள் ஊர்த் தமிழிலேயே தருகிறேன். அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் வாசிக்க மாட்டார்கள்.

மூடி திறக்கும் கை

லீனாவை ஓட்டுகிறவர் பிரிகிட்டே. வார நாட்களில் பல் வைத்தியரிடம் உதவியாளர், ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் ஓட்டுநர். இரண்டு வேலையிலும் பதற்றப்படாத மனுஷி. என்னை முதன்முதலாக நெருப்புப் போட விட்ட அன்று, பாதி மலையில் லீனா மூச்சு வாங்கி நின்றுவிட்டாள். பயணிகள் இறங்கிப் பூப் பறிக்கப் போய்விட்டார்கள். எனக்கோ காரணம் விளங்கவில்லை. கரி போட்டேன், தண்ணீர் விட்டேன், சொன்னதெல்லாம் செய்தேன்.

சொல்லாத ஒன்றையும் செய்திருக்கிறேன். பதினைந்து வருடமாகச் சட்டி மூடியைத் திறந்து திறந்து பார்த்த கை இது. நிமிடத்துக்கொரு தரம் நெருப்புப் பெட்டியின் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தரமும் குளிர்காற்று உள்ளே போய்ச் சூட்டைத் தின்றுவிட்டது. பிரிகிட்டே கதவைச் சாத்தினார். அழுத்தமானியின் முள் மெல்ல ஏறும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "குகன், இது கறியில்லை. உப்புப் பாக்கத் தேவையில்லை."

எர்னா அம்மாவின் வெள்ளை விரிப்பு

படம் எடுக்க வருகிறவர்களுக்குக் கறுப்புப் புகை வேண்டும். அவர்கள் கைகாட்ட, நானும் உச்சி குளிர்ந்துபோய் கரி அள்ளும் சவளால் இரண்டு தரம் கூடுதலாக அள்ளிக் கொட்டுவேன். ஒரு ஞாயிறு, தண்டவாளத்துக்குப் பக்கத்து வீட்டு எர்னா அம்மா கையில் படுக்கை விரிப்போடு நிலையத்துக்கு வந்தார். விரிப்பு முழுக்க எள்ளுத் தூவியது போலக் கரி. அவருடைய அப்பா குவாரி நடந்த காலத்தில் இதே எஞ்சினுக்கு நெருப்புப் போட்டவராம். வீட்டு உடுப்பில் ஒரு பொட்டுக் கரி விழுந்ததில்லையாம். நான் வெட்கத்தில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த ஞாயிறு மழை இல்லை. எர்னா அம்மா வேலியோரம் கொடி கட்டி, அதே விரிப்பை வெளுத்துக் காயப்போட்டு, கதிரையும் போட்டு இருந்துவிட்டார். அது எனக்கு வைத்த பரீட்சை என்று விளங்க எஞ்சினியர் மூளை வேண்டியதில்லை. அன்று படக்காரர்கள் எவ்வளவு கைகாட்டியும் நான் மசியவில்லை. அரைச் சவள், அரைச் சவளாகத் தூவினேன். புகைபோக்கியில் புகையே தெரியவில்லை. நாலாவது தரம் கடக்கும்போது அவர் எழும்பி, விரிப்பை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு வேலிக்கு வந்தார்: "இண்டைக்குப் பாஸ். ஆனா நான் வாற கிழமையும் தோய்ப்பன்."

மியூனிக்கிலிருந்து நால்வர்

மியூனிக்கில் ஐடி வேலை செய்யும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நாலு பேர் ஒருமுறை வந்தார்கள். என்னிடம் தமிழ் இருக்கிறதென்று தெரிந்ததும் விட்டார்களா? "அண்ணா, மேல போறப்ப நேரா போறீங்க, கீழ வர்றப்ப ரிவர்ஸ்லயே வர்றீங்க. திருப்ப இடமில்லையா?" என்று ஒருவர் கேட்டார்.

இடம் இருந்தாலும் திருப்ப மாட்டோம் என்றேன். லீனாவின் பின்பக்கத்தில் இருக்கிற நெருப்புப் பெட்டியின் தலைக்கு மேல் எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டும். லீனாவின் முகம் மலையைப் பார்த்திருந்தால் தண்ணீர் பின்பக்கம் சரிந்து அங்கே நிற்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கினால் தண்ணீர் முன்னால் ஓடி, தலை காய்ந்து, கொதிகலன் வெடித்து, நாங்கள் எல்லோரும் மேலே போக வேண்டியதுதான். அதனால் குவாரிக்காரர் அன்றே அப்படி வைத்துவிட்டார்கள்: வெறும் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறுவாள், கல் நிறைந்த பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்குவாள். கேட்ட பிள்ளை சொன்னார்: "சூப்பர் டிசைன்ணா. எங்க ஆபீஸ்ல லோடோட ஏறி, காலியா இறங்குறோம்."

பல் பார்க்கும் கண்ணாடி

குளிர்காலத்தில் லீனாவைக் கழற்றினோம். குவாரி எஞ்சினின் நெருப்புப் பெட்டி, தலையும் ஒரு கையும் மட்டும் நுழையக்கூடிய அளவுதான். மூலையில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்குள் கழுத்துப் பிடித்துவிடும். பிரிகிட்டே வேலையிடத்திலிருந்து பல் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, நீளக் கம்பியில் கட்டினார். நாங்கள் ஒவ்வொரு ஆணித் தலையாகப் பார்த்தோம். இரண்டு குழாய்கள் ஒழுகின. மாற்றினோம். சோதனை அதிகாரி வந்து, சின்னச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். எங்கள் கண்ணாடியையும் ஒரு தரம் வாங்கி உள்ளே விட்டுப் பார்த்தார். ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் நிமிர்ந்தார்: "பல்லெல்லாம் உறுதி. இனிச் சூடாக்கிப் பாப்பம்."

சோதனை நாள்

அன்று வசந்தியும் வந்திருந்தாள். என் மனைவி அதுவரை லீனாவின் பெயரைக் கேட்டாலே முகத்தைத் திருப்புவாள். ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது லீனா அல்லவா. நான் விடியற்காலையிலேயே நெருப்பு மூட்டிவிட்டேன்.

அழுத்தம் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் பாதுகாப்பு வால்வு சீறித் திறந்தது. அதிகாரி எழுதிக்கொண்டார். அடுத்தது, கொதிகலனுக்குத் தண்ணீர் ஊட்டுகிற இன்ஜெக்டர்கள். ஒன்று உடனே பிடித்தது. மற்றது துப்பியது, திரும்பவும் துப்பியது. அதிகாரியின் பேனை நின்றது. பிரிகிட்டே என்னைப் பார்த்தார். நான் நெருப்பைக் கூட்டிக் கூட்டிப் போட்டதில் அந்தக் கருவி கொதித்துப்போயிருக்கிறது, அதுதான் தண்ணீரை வாங்க மறுக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. தோளில் கிடந்த சமையல் துவாயைக் குளிர்தண்ணீரில் முக்கி அதைச் சுற்றிப் போட்டேன். பத்து எண்ணும்வரை ஒன்றுமில்லை. பிறகு ஒரு சின்ன முனகல், துப்பல் நின்று, நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கரிமுகத்தில் அது நன்றாகவே தெரிந்திருக்கும்.

அதிகாரி முத்திரை குத்தித் தாளை நீட்டினார். மூன்று வருடத்துக்கு ஓடலாம். பிரிகிட்டே அதை என்னிடம் தர, நான் வசந்தியிடம் கொடுத்தேன். அவள் திகதியை விரலால் தொட்டு இரண்டு தரம் வாசித்தாள்: "மூண்டு வருசமோ? நாங்கள் அகதியா வந்த நேரம் எங்களுக்கு மூண்டு மாசம் மூண்டு மாசமாயெல்லோ விசா தந்தவங்கள்."

ஜெர்மன் பாஸ்போர்ட் கைக்கு வந்தபின் தவணைக்குத் தவணை பயப்பட ஒன்றுமில்லாமல் வெறுமையாக இருந்த எனக்கு, அந்தக் குறையைத் தீர்த்துவைத்த புண்ணியம் லீனாவைத்தான் சேரும்.