கீழ்வீட்டில் யாரும் இல்லை

மழைக்கு முன்னால் நகரம் வருடாவருடம் எங்களுக்காக ஏதாவது செய்யும். சாக்கடையைத் தூர்வாரி, அந்தச் சேற்றை அதன் ஓரத்திலேயே குவித்து வைப்பார்கள்; முதல் மழையில் பாதி மறுபடி உள்ளே போய்விடும். கடல் எந்தெந்த நாளில் ஏறும் என்று பேப்பரில் போடுவார்கள். அன்றைக்கு மழையும் கொட்டினால் தாராவியில் தண்ணீர் வடியாது என்பது பேப்பர் பார்க்காமலே எங்களுக்குத் தெரியும். எல்லாவற்றையும் கிண்டல் செய்தே பழகியதால், உருப்படியான ஒரு ஏற்பாடு வந்தபோதும் நான் அதை மதிக்கவில்லை.

வார்டு ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்தாள். வெள்ளம் வந்தால் தானாக வெளியேற முடியாதவர்கள் தரைத்தளத்தில் யார் யார் என்று வீடுவீடாக எழுதிக்கொண்டாள். முதலில் அவர்களைத்தான் தூக்கிப்போவார்களாம்.

நாங்கள் மேல் அறையில் இருந்தோம். கீழ் அறையில் வாடகைக்கு இருந்தவள் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தாள். அவள் புருஷன் பை தைக்கும் பட்டறைக்குக் காலையில் போனால் இருட்டித்தான் வருவான். மதியக் கஞ்சி நான்தான் கொடுப்பேன். ஆனாலும் தாராவியில் சர்வே என்றாலே எங்களுக்கு, குடிசைகளை இடித்துவிட்டுக் கட்டப்போவதாகச் சொல்லும் அடுக்குமாடி ஞாபகம்தான். கீழ்த்தளத்துக்கு யார் பெயர் சர்வேயில் ஏறுகிறதோ அவர்களுக்குத்தான் புது வீடு என்று சந்து முழுக்கப் பேச்சு.

"சர்வேக்காரிகிட்ட அவ பேரச் சொல்லிராத, கேட்டியா?" என்றார் என் கணவர்.

"நீச்சே கோயி நஹி, சிர்ஃப் சாமான்" என்றேன் வார்டு ஆபீஸ் பெண்ணிடம். கீழே யாருமில்லை, சாமான்தான். கதவுக்குப் பின்னால் படுத்திருந்தவளுக்கும் இந்தி தெரியும். அவள் இருமலை அடக்கிக்கொண்டது எனக்குக் கேட்டது.

அந்த வருடமே ஒரு மதியம் தண்ணீர் வந்தது. நான் இறங்கும்போது முழங்கால் அளவு. கொஞ்ச நேரத்தில் கட்டில் முங்கியது. அவளைத் தூக்கி உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டேன். எங்கள் இரும்பு ஏணியில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. பட்டியலோடு நாலு பேர் வந்தார்கள். எதிர்வீட்டுப் பெரியவரைத் தூக்கினார்கள். எங்கள் கதவைத் தட்டாமல் தாண்டினார்கள். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

நான் கத்திய கத்தலில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். "லிஸ்ட்டில் இல்லையே" என்றான் ஒருவன். ஆனால் தூக்கினான்.

பள்ளிக்கூடத்து வகுப்பறையில் இறக்கிவிட்டார்கள். அங்கே அதே வார்டு ஆபீஸ் பெண் ஒவ்வொருவரிடமும் வீட்டு நம்பர் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். எங்கள் முறை வந்தது. மார்பு வரை நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த கீழ்வீட்டுக்காரி என் பக்கம் திரும்பினாள்.

"யக்கா, நம்பரச் சொல்லட்டுமா?"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.