ஒரே வாசலில் மூன்று வண்டிகள்

பனி இறங்கிய விடியற்காலையில் வண்டி ஓட்டும்போது, தான் அசையாமல் உட்கார்ந்திருப்பதாகவும் தெருக்கள்தான் நகர்வதாகவும் அவளுக்குத் தோன்றும். பூட்டிய கடைகளும் விளக்குக் கம்பங்களும் தூக்கத்தில் நடப்பவர்களைப் போல அவளைக் கடந்து போகும். அந்த நேரத்து உலகத்துக்கு எடையே இல்லை என்பாள்.

ஊர் அவளை ரொட்டியக்கா என்று அழைத்தது. பேக்கரி வண்டி ஓட்டியவள். பேக்கரியை மூடியபோது தையல் தொழிலாளர் சங்கம் அந்த வண்டியை வாங்கியது. வண்டியோடு அவளும் வந்தாள். பக்கவாட்டில் இருந்த ரொட்டிப் படத்தை அழிக்க வேண்டாம் என்று சொன்னது அவள்தான். விடியற்காலையில் ரொட்டி வண்டி எந்தச் சந்தில் நின்றாலும் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

அந்த வண்டியில் இப்போது ரொட்டி போகவில்லை, பெண்கள் போனார்கள். ஊர் ஆஸ்பத்திரியில் பெண்கள் பிரிவை மூடிவிட்டதால், கருத்தடையோ கருக்கலைப்போ, எதற்கும் ஆற்றுக்கு அப்பால் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். மூடிய பிரிவைத் திறக்கச் சொல்லி பெண் வக்கீல்களின் உதவி மையம் வழக்கு நடத்தியது. டாக்டர்கள் சிலர் சேர்ந்து நடத்திய அறக்கட்டளை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தது. தையல் சங்கம் வண்டி கொடுத்தது. மூன்றும் கைகோத்த நாளில் ஒரு விதி போட்டுக்கொண்டார்கள்: போனில் யாருடைய பெயரும் வீடும் வாயில் வரக் கூடாது.

ரொட்டியக்காவுக்கு இது வெறும் வேலை அல்ல. மூன்று பிள்ளைகள் பெற்ற உடம்பு நாலாவதைத் தாங்காது, கலைத்துவிடலாம் என்று அவள் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். “வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாம முடியாதும்மா” என்று திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்காரர் கப்பலில் இருந்தார். அடுத்த முறை அவர் கரை இறங்கியபோது, அழாமலே பிறந்த ஒரு குழந்தையைப் புதைத்துவிட்டு அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அன்றிலிருந்து அந்த மனுஷன் கப்பலேறவில்லை. அடுப்படி அவருடையதாயிற்று.

“எங்க போறேன்னு கேட்டா வாயில்லாப் பூச்சி மாதிரி நிக்கிறியே?” என்றார் அவர் ஒரு நாள் விடியற்காலையில், தேநீரை நீட்டியபடி.

“உங்ககிட்ட சொன்னா ஊருக்கே ரேடியோ வச்ச மாதிரி.”

“சரி தாயே, பாத்துப் போ.”

அன்று அவள் அழைத்துப் போகவேண்டியது சட்டைக் காலர் தைக்கும் ஒரு பெண்ணை. முதல் பிரசவத்திலேயே அவளுடைய இதயம் நின்று நின்று ஓடியது. இப்போது இரண்டாவது கர்ப்பம். பெற்றால் பிழைக்க மாட்டாள் என்று டாக்டர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். வெளியூரில் வேலை செய்யும் கணவன், “நீ இருந்தா போதும்” என்று போனில் அழுதான். மாமியாரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. பேரப்பிள்ளை வரப்போகிறது என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தவள் அவள். அவள் பால் வாங்கப் போகும் இடைவெளியில் மருமகள் கிளம்பிவிட வேண்டும். அதுதான் ஏற்பாடு.

சந்துக்குள் திரும்பிய ரொட்டியக்கா பிரேக்கை அழுத்தினாள். அந்தப் பெண்ணின் வாசலில் உதவி மையத்து வக்கீலம்மாவின் பெரிய கறுப்புக் கார். அதற்கு முன்னால் அறக்கட்டளையின் வெள்ளை வண்டி, நெற்றியில் சிவப்பு விளக்கோடு; அருகில் அறக்கட்டளையின் நர்ஸ். முந்தைய நாள் போனில், “அந்த விஷயத்த நாங்க பாத்துக்கறோம்” என்று ஒவ்வொருவரும் சொல்லியிருந்தார்கள். எந்த விஷயம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாதே!

“நீங்க கூட்டிட்டுப் போங்க சிஸ்டர்.”

“ஐயோ, உங்க கார்தான் வசதி வக்கீலம்மா.”

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. “என்ன, மந்திரி கிந்திரி வர்றாரா?”

அதற்குள் பால் பாத்திரத்தோடு மாமியார் வந்துவிட்டாள். இடுப்பில் குழந்தையோடு வாசற்படியில் நின்ற மருமகளின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. “என்னடி இது கூட்டம்?” என்றாள் மாமியார்.

பனிக்குள் அந்தச் சந்தே தண்ணீரில் மூழ்கிய படம்போல அசைவற்றிருந்தது. ரொட்டியக்கா ஏதாவது பொய் சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பெண் முந்திக்கொண்டாள்.

“அத்தை, இந்தப் பிள்ளையப் பெத்தா நான் செத்துடுவேனாம். டாக்டர் சொல்லிட்டாங்க. எனக்குச் சாக இஷ்டமில்ல அத்தை. கலைக்கப் போறேன்.”

“அவனுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்ப எனக்கு மட்டும் சொல்லல. நான் என்ன பேயா, பிசாசா?”

மாமியார் அலறப்போகிறாள் என்றே ரொட்டியக்கா நினைத்தாள். அவளோ பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கைகளை நீட்டினாள்.

“பிள்ளைய இப்படிக் குடு. பனி பட்டா சளி பிடிக்கும்.”

அந்தப் பெண் ரொட்டி வண்டியில் ஏறினாள். யார் விட்டுக்கொடுப்பது என்று தெரியாமல் மற்ற இரண்டும் பின்னாலேயே வந்தன. பாலத்தைக் கடக்கையில் பனி ஆற்றை மூடியிருந்தது. மேகத்தின் மேல் போவதுபோல் மூன்று வண்டிகளும் மெல்ல மிதந்தன. “அக்கா, இது கனவு இல்லையே?” என்றாள் அவள். “இல்லடா கண்ணு,” என்றாள் ரொட்டியக்கா. ஆனால் அவளுக்கே அது நிச்சயமாகத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், ஒரே பெஞ்சில், வக்கீலம்மாவின் தோளில் சிஸ்டர் சாய்ந்து தூங்கிப்போனார். வெயில் தரையில் நீண்டு, சுவரேறி, மங்கியது. கடைசியில் கதவு திறந்தது.

“கண் முழிச்சிட்டாங்க. நல்லா இருக்காங்க,” என்றாள் உள்ளிருந்து வந்த நர்ஸ். “பையன் சாப்பிட்டானான்னு கேக்கறாங்க.”

ரொட்டியக்கா மாமியாருக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே மறுமுனையில் எடுத்தார்கள். கண் முழித்ததையும் பையனைக் கேட்டதையும் ரொட்டியக்கா சொன்னாள்.

“சாப்ட்டான்னு சொல்லு,” என்றது கரகரத்த குரல். “அவ சாப்ட்டாளா?”