கழுத்தில் தெரிந்த தடம்

கிளிநொச்சியில் மணப்பெண்களுக்கு மேக்கப் செய்வதுதான் என் தொழில். பவுண்டேசனை நான் அள்ளிப் பூசுவதில்லை. ஈர ஸ்பொஞ்சில் கொஞ்சமாக எடுத்து மெதுவாக ஒற்றினால், தோல் தோலாகவே தெரியும்.

போன வருடம் முள்ளியவளையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனேன். நான் போவதற்கு முன்பே மணப்பெண் முகத்திலும் கழுத்திலும் தானே பவுண்டேசனை அப்பியிருந்தாள்.

“இதைத் துடைச்சிட்டு மெல்லிசாப் போடுவம், தங்கச்சி.”

“வேண்டாம் அக்கா. இதுக்கு மேலேயே தடிப்பாப் போடுங்கோ.”

வியர்த்தால் திட்டுத்திட்டாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே துடைத்தேன். கழுத்தோரத்தில் விரல் தடங்கள் கருநீலமாகத் தெரிந்தன. ஸ்பொஞ்சைக் கீழே வைத்தேன்.

“ஆர் செய்தது?”

“மாப்பிள்ளைதான். ஃபோன் எடுக்கேல்லை எண்டு முந்தநாள் கழுத்தைப் பிடிச்சவர். வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது.”

அப்போது அவளுடைய ஃபோன் அடித்தது. அவன்தான். நின்றது, மறுபடி அடித்தது. அவள் ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

“இண்டைக்கு நான் மறைச்சு விடுவன். பிறகு என்ன செய்வீர்?” என்றேன்.

கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தவள், “அப்பாவைக் கூப்பிடுங்கோ” என்றாள்.

தகப்பன் வந்து மகளின் கழுத்தைப் பார்த்தார். கதிரையை இழுத்து மகளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். மறுபடி ஃபோன் அடித்தபோது அவரே எடுத்தார்.

“தம்பி, இனி இந்தப் பக்கம் வரக்கூடாது.”

கலியாணம் நின்றது. அவள் இப்போது வவுனியாவில் வேலை செய்கிறாள்.

கலியாணம் நின்றதற்கு நான்தான் காரணம் என்று அந்த மாப்பிள்ளைக்குக் கோபம்; இப்போதும் இடைக்கிடை கிளிநொச்சியில் என் மேக்கப் கடைக்கு எதிரே மோட்டார் சைக்கிளை நிறுத்தி, உள்ளே பார்த்தபடி நிற்கிறான். எனக்குப் பயம்தான். இருந்தாலும் எந்த மணப்பெண் வந்தாலும், கதவைச் சாத்தி அவளோடு தனியாகக் கொஞ்சம் கதைத்த பிறகே மேக்கப் பெட்டியைத் திறக்கிறேன்.