இரண்டாம் பாகத்தில் அவள் பேசினாள்

அண்ணனுக்குக் கல்யாணம் ஆவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் எங்கள் வீட்டுக்கு வீடியோ கேம் பெட்டி வந்தது. அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஷிப்டு முடிந்து வரும் வழியில், பீச் ஸ்டேஷன் எதிரே இருக்கும் கடைகளில் யாரோ ஆடித் தேய்த்த பெட்டி ஒன்றை வாங்கி, சாக்குப் பையில் போட்டு ரயிலில் திருவொற்றியூருக்குக் கொண்டுவந்தான். அம்மா பையைத் தொட்டுப் பார்த்து, மிக்சி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள்.

அதோடு வந்த சிடிக்களில் ஒன்றில் அவள் இருந்தாள். மஞ்சள் மழைக்கோட்டு, இடுப்பில் கயிறு, கையில் டார்ச். புயலில் உடைந்த கப்பலுக்குள் தனியாக இறங்கி, உள்ளே மாட்டிக்கொண்டவர்களை ஒவ்வொருவராக மேலே கொண்டுவருவாள். ஆட்டம் முழுக்க ஒரு வார்த்தை பேச மாட்டாள். மூச்சு வாங்கும் சத்தமும் இரும்புப் படியில் பூட்ஸ் சத்தமும் மட்டும் கேட்கும். அட்டையில் அவளுக்கு ஏதோ பெயர் போட்டிருந்தது. நாங்கள் கோட்டுக்காரி என்றே கூப்பிட்டோம்.

அவள் பேசாததால் அவளுக்காக நான் பேசினேன். அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பையன்களைப் பார்த்தால் பயம், கணக்கு டீச்சரைப் பார்த்தால் பயம், வகுப்பில் எழுந்து நின்றால் குரலே வராது. ஆனால் கோட்டுக்காரி என் மனசுக்குள் எங்கள் தெரு பாஷையில் விளாசுவாள். பூட்டிய கதவைப் பார்த்து, "இன்னாடா, தொறக்க மாட்டியா? இரு, வர்றேன்" என்பாள். எலிகளைப் பெயர் வைத்துத் திட்டுவாள். எதற்கும் பயப்பட மாட்டாள்.

அண்ணனுக்கு அவள் வேறு மாதிரி. "வேலைல வாய மூடிகினு இருக்கற ஆளு கெடைக்கறதே கஷ்டம். இவள பாரு. வந்தா, முடிச்சா, போனா" என்பான். கிரேன் மேலே உட்கார்ந்து நாளெல்லாம் கீழே இருப்பவர்களின் கத்தலைக் கேட்பவனுக்கு அது பெரிய விஷயம்தான்.

பிறகு அண்ணி வந்தாள். பழவேற்காடு பக்கத்து ஊர். வந்த புதிதில் "சரிங்க", "ஆங்", "இல்லங்க" என்ற மூன்றைத் தவிர அவள் வேறு பேசி நான் கேட்டதில்லை. அம்மாவுக்கு அதில் அத்தனை பெருமை. தண்ணி லாரிக்குக் குடம் வைத்துவிட்டு நிற்கும்போது, "எங்க மருமவளுக்கு வாயில வெரல வெச்சாலும் கடிக்கத் தெரியாது" என்று எல்லாரிடமும் சொல்வாள். அண்ணிக்கு இனிப்பு என்றால் உயிர் என்று அம்மாவே முடிவு செய்து, அவள் டீயில் மட்டும் ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போடுவாள். அவளுக்கு வெளியே போவது பிடிக்காது என்று அண்ணன் சொல்வான். அவளுக்கு என் மேல் பிரியம் என்று நான் நினைத்துக்கொண்டேன். இவற்றில் எதையும் அண்ணி சொன்னதில்லை. தலையை ஆட்டியிருந்தாள், அவ்வளவுதான்.

கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் ஒரு புது சிடியை எடுத்துப் போட்டான். கோட்டுக்காரியின் இரண்டாம் பாகம். நான் டிவியை ஒட்டிப் போய் உட்கார்ந்தேன். அதே மழைக்கோட்டு, அதே கயிறு. கப்பல் தளத்தில் வந்து நின்றாள். வாயைத் திறந்து, இங்கிலீஷில், மெல்லிய குரலில், தனக்குப் பயமாக இருக்கிறது என்றாள்.

வகுப்பில் என் இடத்தில் யாரோ வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. அதற்குப் பிறகு அவள் நிறுத்தவே இல்லை. இருட்டறைக்குள் போகுமுன் பேசினாள். போன பின்னும் பேசினாள். செத்துப்போன தம்பியை நினைத்து அழுதாள். ஒரு கதவைத் திறக்க நேரமானால் உள்ளே இருப்பவர்களிடம் சாரி சொன்னாள்.

"கெடுத்துட்டாங்க" என்றேன். அழுகையே வந்துவிட்டது.

"நல்லா இருந்தவள நாசம் பண்ட்டானுங்க" என்ற அண்ணன், ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தை முழுக்கக் குறைத்தான். அதற்குப் பிறகு வந்த நாளெல்லாம் அப்படித்தான் ஆடினோம். அவள் வாய் அசையும், ஒன்றும் கேட்காது. பழைய கோட்டுக்காரி பாதி திரும்பி வந்த மாதிரி இருந்தது.

ஒரு சாயங்காலம் அண்ணன் அப்படி ஆடிக்கொண்டிருந்தான். அண்ணி பின்னால் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சவுண்டு வைங்களேன்" என்றாள்.

அண்ணன் திரும்பிப் பார்த்தான். "இன்னா?"

"அந்தப் பொண்ணு ஏதோ சொல்லுது. இன்னான்னு கேக்கணும்."

"உனக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"பாப்பாவுக்குத் தெரியுமே. அது சொல்லும்" என்று என்னைக் காட்டினாள்.

அண்ணி வாயிலிருந்து அவ்வளவு நீளமாக ஒரு பேச்சு வந்ததில் அண்ணன் திகைத்துப்போய்ச் சத்தத்தை வைத்தான். அன்று பாதி ஆட்டத்திலேயே எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டான்.

அதிலிருந்து மத்தியானங்கள் எங்களுடையவை ஆயின. பரீட்சைக்கு முந்திய லீவு நாட்கள். அம்மா சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுப்பாள். அண்ணி பெட்டியைத் தானே மாட்டக் கற்றுக்கொண்டாள். அவள் ஆடுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து கோட்டுக்காரி சொல்வதைத் தமிழில் சொல்வேன். எனக்குப் புரியாத இடங்களில் டிக்ஷனரியைப் புரட்டும்வரை ஆட்டத்தை நிறுத்திக் காத்திருப்பாள்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. "இவ்ளோ பயந்தாங்கொள்ளியா ஆக்கிட்டாங்க, அண்ணி. முன்னாடி எப்டி இருந்தா தெரியுமா?"

"முன்னாடி பயப்படலன்னு உனக்கு யார் சொன்னா?"

"பாத்தாலே தெரியும்ல."

"பேசாம இருந்தா பயம் இல்லன்னு அர்த்தமா?" திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எனக்கு இவள இப்பதான் புடிக்குது. பயந்துகினே எறங்கறா பாரு. பயமே இல்லாதவ எறங்கறதுல இன்னா கீது."

எனக்கு அது ஏன் அவ்வளவு வலித்தது என்று பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். கோட்டுக்காரி வாய் மூடியிருந்தவரை அவளும் நானும் ஒரே ஆள். அவளுடைய தைரியத்தில் எனக்குப் பங்கு இருந்தது. வாய் திறந்ததும் அவளுக்கென்று ஒரு தம்பியும் ஒரு துக்கமும் வந்துவிட்டன. அதில் எனக்கு இடமில்லை. கெட்டுப்போனது அவள் என்று நினைத்தேன். பறிபோனது என்னுடைய பங்கு.

ஆனால் அண்ணி எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டாள் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எதுக்கு இத்தன தபா சாரி சொல்றா?"

"தெர்ல, அண்ணி. ஒவ்வொரு கதவுக்கும் சொல்றா."

"உசுரக் குடுத்துக் காப்பாத்தறவ அவ. அவ ஏன் சாரி சொல்லணும்? பயம் அவளோடது. அழுவையும் அவளோடது. அந்த சாரி மட்டும் எழுதனவனோடது."

"எப்டி சொல்றீங்க?"

"பாத்தா தெரியல? மூஞ்சி ஒண்ணு சொல்லுது, வாய் ஒண்ணு சொல்லுது. பொம்பளன்னா இத சொல்லுவான்னு அவனே நெனச்சிகினு எழுதிட்டான். பேசவுட்டது தப்பில்ல, பாப்பா. அவ யாருன்னு யோசிக்காம பேசவுட்டதுதான் தப்பு."

பள்ளிக்கூடத்தில் எந்தத் தமிழ் வகுப்பிலும் கதாபாத்திரத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அதையே விளையாட்டாக்கினோம். கோட்டுக்காரி ஏதாவது சொன்னதும், "இது அவளோடது", "இது எழுதனவனோடது" என்று பிரிப்போம். சில இடங்களில் சண்டை வரும். தம்பிக்காக அவள் அழும் இடம் எழுதியவனுடையது என்றேன் நான். அண்ணிக்குக் கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் வரும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். அவளுக்கும் ஒரு தம்பி இருந்ததும், வலை போடப் போனவன் திரும்பாததும் அன்றுதான் தெரிந்தது. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கேட்டதில்லை.

இது நடந்த கொஞ்ச நாளில் அண்ணனுக்குத் துபாய் துறைமுகத்தில் கிரேன் ஓட்ட வாய்ப்பு வந்தது. கூட வேலை செய்பவர் மூலமாக. ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மாவும் அவனும் பேசிக்கொண்டிருந்தார்கள். எப்போது கிளம்புவது, பாஸ்போர்ட்டுக்கு யாரைப் பார்ப்பது என்றெல்லாம். அண்ணி சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவளாண்ட சொல்லிட்டியா?" என்று அம்மா கேட்டாள்.

"அவ இன்னா சொல்லப் போறா. சரின்னுவா" என்றான் அண்ணன்.

அண்ணி கரண்டியைக் குண்டானுக்குள் வைத்தாள். "நான் இன்னும் ஒண்ணும் சொல்லலியே."

எல்லாரும் அவளைப் பார்த்தோம்.

"போவேணாம்னு சொல்ல வரல" என்றாள். குரல் நடுங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை. "எனக்குப் பயமாத்தான் கீது. நீங்க போனா அழுவேன். ஆனா என்னாண்ட ஒரு வார்த்த கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. நான் சரின்னுவேன்னு நீங்களே சொல்லிகினா, அப்பறம் நான் எதுக்கு?"

அண்ணன் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு வெளியே போனான். "நல்லா இருந்த பொண்ணு" என்று அம்மா முணுமுணுத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "எல்லாம் அந்தப் பொட்டிய பாத்துப் பாத்துதான்" என்றாள். சில நாள் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அண்ணி வழக்கம்போல எல்லா வேலையும் செய்தாள். சாரி மட்டும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் ஆடிக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சரி, கேக்கறேன்" என்றான். "இன்னா சொல்ற?"

அண்ணி ஆட்டத்தை நிறுத்தினாள். என்னை எழுந்து போகச் சொல்வாள் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

"ரெண்டு வருஷம் போய்ட்டு வாங்க. அதுக்கு மேல வேணாம். நீங்க இல்லாத நேரம் நான் வூட்ல சும்மா ஒக்காந்துகினு இருக்க மாட்டேன். தண்டையார்பேட்டைல எக்ஸ்போர்ட் கம்பெனில சட்ட செக் பண்ண ஆள் எடுக்கறாங்க. நான் போறேன்."

"வெளிய போறது உனக்குப் புடிக்காதே."

"நான் எப்ப சொன்னேன்?"

படுத்திருந்த அம்மா அங்கிருந்தபடியே, "இன்னும் எதுனா கீதா?" என்று கேட்டாள்.

"ஒண்ணு கீது, அத்த. டீல சக்கர கம்மியா போடுங்க. திகட்டுது."

"மொத நாளே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க கேக்கவே இல்லியே."

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்று நான் நினைத்தேன். "ஒரு வருஷமா என் சக்கரையெல்லாம் வீணா போச்சேடி" என்றாள். அண்ணன்தான் முதலில் சிரித்தான்.

அண்ணன் துபாய் போனான். அண்ணி வேலைக்குப் போனாள். காலையில் பஸ்ஸுக்கு ஓடும்போதும் சாயங்காலம் திரும்பி வந்ததும் அம்மாவும் அவளும் எதற்காவது சண்டை போட்டுக்கொள்வார்கள். குழம்பில் புளி கூட, பால் சீக்கிரம் தீர்ந்துபோகிறது, டிவியில் எந்த சானல் என்று. ஒரு நாள் தண்ணி லாரி வரிசையில் அம்மா சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "எங்க மருமவ பேச்சுக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. கம்பெனில மேஸ்திரியே அடங்கிப் போறான்." முன்பு எந்தப் பெருமையோடு சொன்னாளோ அதே பெருமை. எனக்குக்கூட காலேஜ் வகுப்பில் எழுந்து நிற்கக் குரல் வந்தது, நடுங்கிக்கொண்டேதான்.

வாரம் ஒரு தடவை தெருமுனை பூத்துக்கு அண்ணன் போன் செய்வான். முதல் சில வாரம் அவன் பேசுவான், அண்ணி "ஆங்" கொட்டுவாள். பிறகு அது மாறிவிட்டது. கம்பெனிக் கதையெல்லாம் அவள் சொல்லி முடிப்பதற்குள் பூத்துக்காரர் கண்ணாடியைத் தட்டுவார். ஒரு தடவை அண்ணன் என்னிடம், "இவ இவ்ளோ தமாசா பேசுவான்னு எனக்குத் தெரியவே தெரியாது" என்றான். ஏதோ புதிதாக ஒருத்தியைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருந்தது அவன் குரல்.

இரண்டு வருஷம் முடிந்து அவன் திரும்பிய அன்று காலையில் வேன் வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் ஏர்போர்ட் போனோம். வரும் வழியில் ராயபுரம் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் வேன் நின்றுவிட்டது. எஞ்சினை அணைத்துவிட்டு டிரைவர் இறங்கிப் போய் நின்றார். அண்ணி பேசிக்கொண்டே வந்தாள். கம்பெனியில் ஒருத்திக்குக் கல்யாணம், வீட்டு ஓடு மாற்றியது, அம்மா கீழே விழுந்து எழுந்தது. அண்ணன் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தான். தூங்கிவிட்டான் என்று நினைத்து அண்ணி பாதியில் நிறுத்தினாள்.

"தூங்கல" என்றான் அவன், கண்ணைத் திறக்காமல். "நீ சொல்லு."