வீரர் படம் போட்ட தீப்பெட்டி

கார்கில் சண்டை முடிந்த கையோடு எங்கள் கோவில்பட்டிக்கு ஒரு நடிகர் வந்தார். பெயர் வேண்டாம், அந்த ஆளுக்கு இனியும் விளம்பரமா? உயிர்விட்ட வீரனின் தாயாருக்கு மேடையில் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. செலவு ஒரு தீப்பெட்டி முதலாளியுடையது.

கார்கிலில் செத்த பையன் எங்கள் பக்கத்தில் யாருமில்லை. தேடி அலைந்துவிட்டு முதலாளி என் பெரியம்மா வீட்டு வாசலில் வந்து நின்றார். பெரியம்மா மகனும் பட்டாளத்தில் செத்தவன்தான். ஆனால் பத்து வருஷத்துக்கு முந்தி, இலங்கைக்கு அனுப்பிய அமைதிப்படையில். அப்போது ஒரு பயலும் எட்டிப் பார்க்கவில்லை. அண்ணனுடைய டிரங்குப் பெட்டி மட்டும் ரயிலில் வந்து இறங்கியபோது அதைத் தூக்க நானும் பெரியம்மாவும்தான் போனோம். தமிழனைச் சுடப் போனவன் என்று எங்கள் காதுபடவே பேசினார்கள்.

"பட்டாளத்துல செத்தவன்தான, எந்தச் சண்டைன்னு யாரு கேக்கப் போறா?" என்று முதலாளி அவன் படத்தை வாங்கிக்கொண்டு போனார்.

பெரியம்மாவும் நானும் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறவர்கள். யானை, மயில், சாவி என்று எதையெதையோ ஒட்டிய கைக்கு ஒருநாள் அண்ணன் முகமே வந்தது. பட்டாளத் தொப்பி, கீழே 'வீர வணக்கம்'. பெரியம்மா ஒவ்வொரு பெட்டியாக ஒட்டி, முந்தானையால் துடைத்துத் துடைத்து வைத்தாள். "ஏட்டி, இனி ஊருக்கெல்லாம் எம் மவனத் தெரியும்லா!" என்றாள். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

மேடையில் நடிகர் "ரத்தத்துக்கு ரத்தம்" என்று முழங்கினார். இதே மனுஷன்தான் இலங்கைப் போரை நிறுத்தச் சொல்லிச் சென்னையில் உண்ணாவிரதம் இருந்து, போர் என்றாலே கொலை என்று அழுதவர். அங்கே செத்த சனத்துக்காக அழுததில் தப்பில்லை, நாங்களும்தான் அழுதோம். ஆனால் வடக்கே சுட்டால் வீரம், தெற்கே சுட்டால் கொலையா? அனுப்பிய சர்க்கார் ஒன்றுதானே ஐயா!

பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி மைக்கிலேயே கேட்டார், "தாயே, உங்கள் மகன் எந்த மலையில் வீழ்ந்தான்?"

பெரியம்மாவுக்குப் பொய் வராது. "மலை இல்லய்யா. யாழ்ப்பாணத்துல."

விரித்த கை அப்படியே நின்றது. மைக்கைப் பொத்திக்கொண்டு முதலாளி பக்கம் திரும்பி அவர் சொன்னதைப் பெரியம்மாதான் பிறகு எனக்குச் சொன்னாள். "தமிழனக் கொன்னவன் அம்மாவுக்கு நான் பொன்னாடை போத்தணுமா? நாளைக்கு என்னைக் கிழிச்சிர மாட்டாங்களா?" பொன்னாடை முதலாளி தோளுக்குப் போனது. கூட்டம் அதற்கும் கை தட்டியது. மேடையை விட்டு இறங்கும்போது பெரியம்மாவைப் பிடித்துக்கொள்ளக்கூட ஆளில்லை, நான்தான் கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

மறுநாள் நாங்கள் ஒட்டிக் கொடுத்த பெட்டிகளெல்லாம் வேனில் திரும்பி வந்தன. கூடவே புது லேபிள் கட்டு. அதில் நடிகர் பல் தெரியச் சிரிக்கிறார். பழைய லேபிளுக்கு மேலேயே ஒட்ட வேண்டுமாம்.

"தூக்கிட்டுப் போங்கல, நாசமாப் போறவனுவளா!" என்று கத்தினேன். பெரியம்மா என் கையைப் பிடித்தாள்.

"வேற ஆளு ஒட்டுனா பிள்ள மூஞ்சியக் கசக்கிருவாளுவட்டி. நாமளே ஒட்டுவோம்."

ஓரத்தில் மட்டும் பசை தடவினாள். முகத்தில் ஒரு சொட்டுப் படவிடவில்லை. சாயங்காலம் முதலாளியின் கணக்குப்பிள்ளை வந்து ஒரு பெட்டியை எடுத்து நகத்தால் நெம்பினார். நடிகர் கழன்று வந்தார். அடியில் அண்ணன் இருந்தான்.

"என்ன வேலை பாக்குதிய? நடுவுலயும் நல்லாத் தேச்சு ஒட்டணும். இல்லன்னா நாளையிலிருந்து வேற வீட்டுக்குக் கொடுத்திருவேன்" என்று அந்தப் பெட்டியைப் பெரியம்மா மடியில் போட்டார்.

அவள் பசைக்குள் விரலை முக்கி எடுத்தாள். "கண்ண மூடிக்கிடுல ராசா" என்று சொல்லிவிட்டு, முதலில் கண்ணில்தான் தடவினாள்.