பதினொன்றரை மணிக்குக் கிராம மக்களுடன் உரையாடல்

காலை 7.10. எங்கள் மரபுக் கழகம் மாதம் ஒரு சொற்பொழிவும் மூன்று மாதத்துக்கு ஒரு நேரடிப் பயணமும் நடத்துகிறது. சொற்பொழிவில் தூங்கலாம், பயணத்தில் நடக்க வேண்டும். இந்த ஒரு குறையைத் தவிர எனக்குக் கழகத்தின் மேல் புகார் கிடையாது. ஞாயிறன்று எட்டுப் பேர் சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி பாசஞ்சரில் ஏறினோம். செயலாளர் வரதராஜன் ஓய்வு பெற்ற ரயில்வே குமாஸ்தா. சைக்ளோஸ்டைல் செய்த நிகழ்ச்சி நிரலை ஆளுக்கொன்று கொடுத்தார். தலைப்பு 'எல்லைத் தெய்வங்கள்: ஒரு நாள் ஆய்வுப் பயணம்'. அதில் ஒரு வரி: '11.30 – நாவல்மேடு கிராம மக்களுடன் உரையாடல்.'

8.55. நாற்பத்தாறு கிலோமீட்டரை ஒன்றே முக்கால் மணி நேரத்தில் கடந்தோம். பொன்னேரி வரை வயல். அதன் பிறகு வயலாக இருந்த இடம்: முள்கம்பி, செங்கல் அடுக்கு, பாதி எழுந்த புகைபோக்கி. பஸ்ஸுக்கு ஆளுக்கு முப்பது காசு. நாவல்மேடு என்றதும் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்காமல் எங்களைப் பார்த்தார்.

"அங்க இன்னா சார் கீது? ஊரு காலியாயி ஆறு மாசமாவுது. தொழிற்பேட்டைக்கு எட்த்துக்கினாங்க."

"நிரலில் இருக்கிறது," என்றார் செயலாளர்.

நிரல் அச்சானபோது ஊர் இருந்திருக்கிறது. அது யார் குற்றமும் இல்லை.

10.30. ரோட்டிலிருந்து ஒன்றரை மைல் நடை. புதிதாக எழும்பிய நீளமான சுற்றுச்சுவரில் ஓரிடத்தில் மட்டும் வண்டி நுழையும் அகலத்துக்குச் சந்து விட்டிருந்தார்கள். அதற்குள் ஊர்.

ஏழு வீடுகள் மிஞ்சியிருந்தன. போனவர்கள் கதவையும் நிலையையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வாசல்கள் பல் போன வாய் மாதிரி இருந்தன. ஆனால் ஏழு வாசலிலும் சாணம் தெளித்து, ஈரம் காயாத கோலம். ஒரு கூரையிலிருந்து அடுப்புப் புகை. ஒரு சேவல், காலில் கயிறு. எந்தக் கோலத்திலும் யார் காலும் பட்ட தடம் இல்லை. ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. எனக்குக் கழுத்தின் பின்பக்கம் குளிர்ந்தது. தை மாதக் காற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், காற்று அடிக்கவில்லை.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் நேரமிருக்கிறது. மக்கள் வருவார்கள்."

கடைசி வீட்டின் பின்னாலிருந்து கோலமாவு டப்பாவுடன் ஒரு அம்மாள் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். பெயர் கன்னியம்மா.

"யாரு நீங்கள்லாம்? கம்பெனியா?"

"மரபுக் கழகம். பழைய ஊர்களைப் பார்க்க வந்திருக்கிறோம்."

"ஆறே மாசத்துல பழசாயிட்சா," என்றாள்.

இவ்வளவு கோலமும் யாருக்கு என்று கேட்டேன். வேப்பமரத்தடியைக் காட்டினாள். முழ உயரக் கல் ஒன்று, மஞ்சள் பூசி. பொன்னியம்மன்.

"எங்க ஊட்லதான் இவளுக்கு வெளக்கேத்தறது. காலி பண்ணப்ப ஊரே வந்து நின்னு, 'போய்ட்டு வரோம்மா'ன்னு சொல்ட்டுப் போய்ட்டாங்க. வாய்ப் பழக்கம். இவ அத நம்பிக்கினு குந்திக்கினு கீறா. மூணு வாட்டி தலைல பூ வச்சு, கூட வரியான்னு கேட்டோம். பூ வலப்பக்கம் வுழுந்தாத்தான் தூக்கலாம். வுழவே இல்ல."

ஊரார் குடியேறிய புதுக் காலனி மூன்று மைல். அங்கிருந்து தினமும் விடியலில் நடந்து வந்து கோலம் போட்டு, அடுப்பு மூட்டுகிறாள். ஊர் செத்துப்போனது அம்மனுக்குத் தெரியக் கூடாது.

"புதங்கெழம செவுத்துல கீற அந்தச் சந்தயும் அடச்சுருவாங்க. அப்பால நான் எப்டி வர்றது? இவ தனியா இன்னா பண்ணுவா?"

பூசாரி எங்கே என்றார் செயலாளர்.

"கம்பெனில வேல. இன்னிக்குப் பகல் ஷிப்டு. மத்தவங்களக் கூப்ட்டா, காலி ஊருன்னு பயந்துக்கினு வர மாட்றாங்க." எங்களை எண்ணுவது போலப் பார்த்தாள். "ஏழு ஊடு கீது. ஆளுக்கொரு ஊட்ல போய்ச் செத்த நேரம் குந்துங்க. சொன்னவங்க வந்துட்டாங்கன்னு ஆவட்டும். வெளிய வர்றப்ப, 'போறேன்'னு சொல்லுங்க. 'வரேன்'னு மட்டும் சொல்லிடாதீங்க."

எங்கள் வீட்டில் 'போறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் மனைவி கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பாள். பிணம்தான் திரும்பி வராமல் போகும்.

11.30. மணி ஆனதால் செயலாளர் சம்மதித்தார். மேற்பார்வைக்காக அவர் மரத்தடியில் நின்றுகொண்டார்.

எனக்கு மூன்றாம் வீடு. கோலத்தைத் தாண்டி உள்ளே போனேன். மண்தரையில் தூசி. சுவரோரம் விளிம்பு உடைந்த ஒரு மணை சாய்ந்து நின்றது. வேறொன்றும் இல்லை. தலை தீபாவளிக்கு வந்து, எங்கே உட்காருவதென்று தெரியாத மாப்பிள்ளை மாதிரி ஒரு மூலையில் குந்தினேன். குடும்பத்தலைவன் தோரணையில் ஒருமுறை இருமினேன். ஐந்து நிமிடம் கழித்து எழுந்து, வாசலில் திரும்பி நின்று, நாற்பத்தெட்டு வருஷமாக எல்லா வாசல்களிலும் சொன்னதைச் சொன்னேன்.

"அப்போ வரேன்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. வேறு யார் காதிலும் விழுந்திருக்காது என்று நினைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன்.

கன்னியம்மா கல்லின் தலையில் செவ்வரளி ஒன்றை வைத்தாள். "எல்லாரும் சொல்லிக்கினாங்க. நீயும் வாம்மா."

கால்மணி நேரம் நின்றோம். பூ அசையவில்லை. அவள் அழவில்லை, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "யார்னா வரேன்னு சொன்னீங்களா?"

படித்தவர்கள் எல்லோரும் நிரலைப் படித்தார்கள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "நான்தான்," என்றேன்.

"போய்ச் சொல்ட்டு வா நைனா," என்றாள். அதட்டியிருந்தால்கூடத் தேவலை.

12.20. உச்சி வெயில். மூன்றாம் வீடு நாற்பதடி தூரம். நான் நடந்ததிலேயே நீளமான ஆய்வுப் பயணம் அதுதான். வாசலில் நின்று உள்ளே பார்த்தேன். தரை பெருக்கியிருந்தது. சுவரோரம் நின்ற மணை நடுக்கூடத்தில், சாப்பிட உட்காரும் விதமாகப் போட்டிருந்தது. அதற்கு முன்னால், இலை போடும் இடத்தில், நீர் தெளித்த ஈரம்.

கன்னியம்மா மரத்தடியைவிட்டு நகரவில்லை. எங்கள் ஆட்கள் ஏழு பேரும் அவளருகில் இருந்தார்கள். திரும்பிப் பார்த்து இருமுறை எண்ணினேன்.

"போறேன்," என்றேன். அது போதவில்லை என்று எனக்கே தெரிந்தது. "இனிமே வர மாட்டேன். எனக்காகக் காத்திருக்க வேண்டாம்."

பிறகு, கதவும் நிலையும் இல்லாத அந்த வாசலில், என் முகத்துக்கு ஒரு சாண் முன்னால், உட்பக்கமாகத் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

நான் ஓடவில்லை. ஓடவில்லை என்பதற்குச் சாட்சியாக மற்றவர்களைக் கேட்காதீர்கள்.

மரத்தடிக்கு வந்தபோது கன்னியம்மா மஞ்சள் துணியை விரித்துக்கொண்டிருந்தாள். பூ கல்லின் வலப்பக்கம் மண்ணில் கிடந்தது. இரண்டு பேர் பிடித்துக் கல்லை எடுத்து அவள் தலையில் வைத்தோம். சேவலை இடுக்கிக்கொண்டாள். சுவர்ச் சந்து வழியாகக் காலனிப் பக்கம் நடந்தாள். எங்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லிக்கொள்ளவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

மாலை 4.05. திரும்பும் ரயிலில் செயலாளர் நிரலை மடியில் வைத்து அறிக்கை எழுதினார்.

"கிராம மக்களுடன் உரையாடல், நடைபெற்றது," என்று எழுதிக்கொண்டே கேட்டார். "எத்தனை பேருடன் என்று போடலாம்?"

"இரண்டு," என்றேன்.

பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். பொன்னேரி வந்து போயிற்று. பிறகு இரண்டு என்றே எழுதினார்.