தின்னாத கோழிக்கு ஒரு கடன்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை என் மைத்துனர் சங்கரலிங்கம் ஒரு பொய் சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். பழகாதவர் பொய் சொன்னால் எப்படியிருக்கும்? புதிதாகச் சைக்கிள் கற்றவன் சரிவில் இறங்கின மாதிரிதான். பிரேக் எங்கே இருக்கிறது என்றே தெரியாது!

சங்கரலிங்கம் என் மனைவியின் தம்பி. மேலகரத்தில் வீடு. தென்காசியில் ஒரு அரிசி மில்லில் கணக்கராக இருந்தார். மில்லை மூடிவிட்டார்கள். நாற்பது வயதுக்கு மேல் எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? அப்போதுதான் அவருக்குக் கோழிப்பண்ணை யோசனை பிறந்தது. வெள்ளை லெகார்ன்... சீமைக் கோழி. குற்றாலத்து ஓட்டல்காரர்கள் முட்டை போதாமல் அலைகிறார்களாம்.

நல்ல யோசனைதான். ஒரே ஒரு சங்கடம் - அவர்கள் பரம்பரைச் சைவம். முட்டை என்ற சொல்லையே அந்த வீட்டில் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். "கோழி மேய்க்கவா படிச்சான்?" என்று கேட்ட பெரியப்பா இன்றுவரை அவரோடு பேசுவதில்லை.

மனிதர் அசரவில்லை. மனைவி கோமதியின் வளையல்களை அடகு வைத்துக் கொல்லையில் ஷெட் போட்டார். சோதனைக்காகக் கொஞ்சம் கோழி வாங்கி விட்டார். மீதிக் கோழிக்கும் தீவனத்துக்கும் ஒரு பாங்கில் கடன் கேட்டு மனுப் போட்டார். கடன் வந்தால் பண்ணை. வராவிட்டால்? வளையலும் போச்சு, ஷெட்டில் விறகு அடுக்க வேண்டியதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை பாங்கு அதிகாரி நேரில் பார்க்க வந்தார். எனக்கும் அழைப்பு. "அத்தான், நீங்க சும்மா பக்கத்துல நின்னா போதும். வாயத் தொறந்துராதீங்க." எவ்வளவு மரியாதை பாருங்கள்!

நல்ல சாரல். அதிகாரி குடையை மடக்கிவிட்டு ஷெட்டுக்குள் நுழைந்தார். கூரையைத் தட்டினார். தரையில் பரப்பியிருந்த உமி ஈரமாகியிருக்கிறதா என்று அள்ளிப் பார்த்தார். முகத்தில் திருப்தி. வீட்டுக்குள் வந்து, காபியை வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் கேட்டார்: "வீட்டுல கோழி, முட்டையெல்லாம் சாப்பிடுவீங்களா?"

மைத்துனர் திடுக்கிட்டுப் போனார். தின்னாதவனுக்குக் கோழியைப் பற்றி என்ன தெரியும் என்று மனுவைத் தள்ளிவிடுவாரோ என்ற பயம்.

"நல்லா கேட்டீங்க சார்! கோழி இல்லாம எனக்குச் சோறு எறங்காது பாத்துக்கிடுங்க. காலைல முட்டை... மத்தியானம் குழம்பு..."

அதிகாரி காபியைக் கீழே வைத்தார். "ராத்திரி?"

"வறுவல் சார்!"

நெற்றி நிறைய விபூதி. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக இந்தப் பேச்சு! சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அதிகாரி பைலைக் கட்டி எழுந்துவிட்டார். "கோவிச்சுக்கிடாதீங்க. இந்தப் பக்கம் முன்னாலயும் கோழிக்குக் கடன் குடுத்தோம். சீசன் வந்துது. குற்றாலத்துல குளிக்கணும்னு எங்கெங்க இருந்தோ சொந்தக்காரங்க வந்து எறங்குனாங்க. வந்தவங்களுக்கு வெறும் சோறா போடுவாங்க? தினம் ஒண்ணா அடிச்சுக் குழம்பு வச்சிட்டாங்க. நான் போய்ப் பாத்தா ஷெட்டுல எறகுதான் கெடக்கு. நீங்க என்னடான்னா மூணு வேளையும் திங்கேன்னு சொல்லுதீங்க!"

மைத்துனர் முகம் சுண்டிவிட்டது. இனி உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அதிகாரி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அடுக்களையிலிருந்து கோமதி வந்தாள். கோபம் என்றால் அப்படியொரு கோபம்.

"சார், நில்லுங்க. இவுக சொன்னது அம்புட்டும் பொய்! வெள்ளி செவ்வாய்ல இந்த வீட்டுல வெங்காயம்கூட நறுக்க மாட்டோம். முட்டையக் கையால தொடுவாகளா இவுக? வாழையிலையச் சுத்தி எடுக்காக. எடுத்த கையோட தலை முழுகுதாக. இந்தச் சாரல்ல நாலு மட்டம் குளிச்சு, ஜலதோஷம் பிடிச்சுக் கெடக்காக!"

அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. "எங்க, ஒரு முட்டைய எடுத்துக் காட்டுங்க பாப்போம்."

எல்லோரும் சாரலில் நனைந்துகொண்டே ஷெட்டுக்குப் போனோம். மைத்துனர் ஒரு வாழையிலைத் துண்டைக் கிழித்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். உதடு முணுமுணுக்கிறது... சிவ சிவா! இரண்டு விரலால் முட்டையை எடுத்துக் கூடையில் வைத்துவிட்டு நேரே கிணற்றடிக்கு நடந்தார். எல்லாம் பழக்கதோஷம்!

அதிகாரி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "இத மொதல்லயே சொல்லப்படாதா வே? போட்ட மொதலத் திங்காத ஆளைத்தானே நான் தேடிக்கிட்டு அலையுதேன்!"

நேற்று கடன் கைக்கு வந்துவிட்டது. அப்பாடா! முட்டை விற்று முதல் வேலையாக வளையலை மீட்டுத் தருவதாகக் கோமதிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். "பொய் சொல்லாம வித்தாச் சரி" என்றாளாம்.

நம்மில் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு இல்லையா? கேட்கிறவர் மனசை நாமே கற்பனை பண்ணிக்கொண்டு, அதற்கேற்ப வேஷம் கட்டுகிறோம். நம்மிடம் இருக்கிற நல்ல சரக்கையே குறை என்று நினைத்து ஒளித்துவைக்கிறோம். வெட்கப்பட்டு மறைத்த சைவம்தானே கடைசியில் அவருக்கு ஜாமீனாக நின்றது!

சீசனுக்குக் குற்றாலம் வரப்போவதாகக் கடிதம் எழுதியிருக்கும் நண்பர்களே, தாராளமாக வாருங்கள். மைத்துனர் பண்ணையையும் சுற்றிக் காட்டுகிறேன். சாப்பாடு மட்டும் ரசமும் அப்பளமும்தான்... பாங்கு உத்தரவு!